கடைச் சிப்பந்திகளும் இருக்கை உரிமையும்

ஜவுளிக்கடையுட் புகுவார் அடுக்கடுக்கான புடவைகளைக் காண்பர். அவற்றை விரித்துக் காட்டும் பெண்கள் காலைமுதல் இரவுவரை நின்றவண்ணமிருத்தலைக் காண்பார் சிலரே. நெடுநேரம் நிற்பதனால் முதுகுவலி உண்டாம். கால் நரம்புகளும் புடைத்து வீங்கும். சென்னை மாகாணத்தில் 1947-ஆம் ஆண்டு இயற்றப்பெற்ற கடைகள், நிறுவனங்கள் சட்டம் வேலைநேரமும் விடுமுறையும் வகுத்ததாயினும் இருக்கையைப்பற்றி வாளாவிருந்தது. அடுத்த ஆண்டே தோன்றிய தொழிற்சாலைச் சட்டமோ, நின்று வேலை செய்வார்க்கு இருக்கை வேண்டுமெனத் தன் 44-ஆம் பிரிவில் விதித்தது. இயந்திரத்தின்முன் நிற்பவனுக்கு இரங்கிய அரசு, புடவைக் குவியலின்முன் நிற்பவளை எழுபது ஆண்டுகளுக்கு மேலாக மறந்திருந்தது வியப்பே!

பெண் தொழிலாளர் போராடியதன் பயனாகக் கேரளம் 2018-இல் இவ்வுரிமையை வழங்கிற்று. 2021-இல் தமிழ்நாட்டுச் சட்டசபையும் 22-ஏ என்னும் பிரிவைச் சேர்த்தது.

இதனால் முதலாளிமார்க்கு நேர்ந்த கடமை யாது? சிப்பந்திகள் அனைவர்க்கும் தக்க இருக்கை அமைத்தல். வேலையினிடையே வாய்ப்பு நேரும்போதெல்லாம் அமரலாமென்பது சட்டத்தின் கருத்தாகலின், மூலையில் பெயரளவிற்கு இரண்டு முக்காலி இடுதல் போதாதென்றே நாம் கொள்கின்றோம். செலவு சொற்பம். ஆயின் அமர்ந்தவளைக் கண்டு மேற்பார்வையாளர் முகஞ்சுளிப்பாராயின் இருக்கையிருந்தும் பயனென்னை? வாங்குவோர் வந்தால் எழுந்து நிற்க வேண்டாவோ எனச் சில வணிகர் வினவக்கூடும். எழுந்து காட்டட்டும், அதனை யாரும் தடுத்திலர். பிற்பகலிற் கடை வெறிச்சோடிக் கிடக்கையில் அவள் நின்றுகொண்டிருப்பதனால் எந்தப் புடவை விலைபோகும்?