‘போதும்’ என்று பெரிய மாமா சொன்னபோது

பெரிய மாமாவுக்கு நுரையீரல் புற்றுநோய், நான்காம் கட்டம். சென்ற மாதம் அவர் வீட்டில் குடும்பமாகக் கூடியிருந்தபோது மெல்லச் சொன்னார்: “போதும். ஒரு ஊசியப் போட்டு முடிச்சு விட்டா நல்லாருக்கும்.”

அத்தை எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார். “அப்படியெல்லாம் பேசாதீங்கண்ணே,” என்று அம்மா கண்கலங்கினார். “மாமா உடம்பு, மாமாதானே முடிவு செய்யணும்?” என்றான் தம்பி. தாதியாகப் பணிபுரியும் மாமா மகள் மட்டும், “ஏன்ப்பா அப்படித் தோணுது? வலிக்குதா?” என்று கேட்டாள்.

“வலிய தாங்கிக்குவேன். நினைவில்லாம குழாயோட கிடக்கணுமேன்னுதான் பயம். உங்கம்மாவுக்கும் பாரம்.”

இந்த விவாதம் நம் நாட்டுக்குப் புதிதல்ல. 2008ல் அப்போதைய சுகாதார அமைச்சர் காவ் பூன் வான் கருணைக்கொலை பற்றிப் பேசியபோதும் பலவிதக் கருத்துகள் எழுந்தன. சட்டம் மாறவில்லை, இன்றும் அது குற்றமே. நியூசிலாந்தில் 2020ல் நடந்த பொது வாக்கெடுப்பில் ஏறக்குறைய 65 விழுக்காட்டினர் ஆதரவளித்தனர். மறு ஆண்டு நவம்பரில் சட்டம் நடப்புக்கு வந்தது.

இங்கும் அப்படி ஒரு வாக்கெடுப்பு நடந்தால் நான் தயங்குவேன். தாங்கமுடியாத வேதனையில் இருப்பவரிடம் ‘பொறுத்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால், ‘யாருக்கும் பாரமாக இருக்கக்கூடாது’ என்பது நம் வீட்டுப் பெரியவர்கள் நாள்தோறும் சொல்லும் வார்த்தை. சட்டம் வழிவிட்டால், அவர்கள் கேட்பது சொந்த விருப்பமா, பிள்ளைகளுக்காகச் செய்யும் கடமையா என்று யார் பிரித்தறிவது?

மாமாவின் பயத்துக்கு இப்போதே சட்டத்தில் வழியுண்டு. 1996ஆம் ஆண்டுச் சட்டப்படி, 21 வயதான எவரும் ‘முன்கூட்டிய மருத்துவ உத்தரவு’ எழுதிவைக்கலாம். சாட்சிகள் இருவர், ஒருவர் மருத்துவராக இருக்கவேண்டும். சொத்தில் பங்கு பெறுபவர் சாட்சியாக முடியாது. குணமாகாத நோயின் இறுதிக்கட்டத்தில் நினைவிழந்தால், இறப்பைத் தள்ளிப்போட மட்டுமே உதவும் சிகிச்சை வேண்டாம் என்பதே அதன் பொருள். வலி குறைக்கும் மருந்தும் பராமரிப்பும் தொடரும். இது கருணைக்கொலை அன்று.

அந்திமகாலத்தில் எங்கே இருக்க விரும்புகிறோம், நம் சார்பில் யார் பேசவேண்டும் என்பதையும் ‘முன்கூட்டிய பராமரிப்புத் திட்டமிடுதல்’ மூலம் பதிவுசெய்யலாம். 2014ல் லியன் அறநிறுவனத்தின் கருத்தாய்வில் 77 விழுக்காட்டினர் வீட்டிலேயே இறக்க விரும்புவதாகக் கூறினர். ஆனால் எத்தனை பேர் அதை வீட்டாரிடம் சொல்லியிருப்போம்?

மாமா கையெழுத்திட்டுவிட்டார். இப்போது தாதியர் வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள். ஊசிப் பேச்சை அவர் மறுபடி எடுக்கவில்லை.

“வேற என்ன வேணும், சொல்லுங்க,” என்றார் அத்தை, முதன்முறையாக அவர் அருகில் அமர்ந்து.

“என் கட்டில ஜன்னல் பக்கம் போடு. ஒலி 96.8 ஓடிக்கிட்டே இருக்கட்டும்.”

அன்று மாலையே நானும் தம்பியும் கட்டிலை நகர்த்தினோம்.