வட்டம் பிசகாத உருக்கு

இரண்டாம் உலகப்போரில் திருகோணமலையிலிருந்து இயங்கிய பிரித்தானிய நீர்மூழ்கிகளுள் ‘டாலி ஹோ’ பெயர்பெற்றது. 1944 ஜனவரி 11ஆம் திகதி பினாங்குக்கு அப்பால் ‘குமா’ என்ற ஜப்பானியப் போர்க்கப்பலை மூழ்கடித்தது அதுதான். ஆறு வாரம் கழித்து, பெப்ரவரி 24ஆம் திகதி, மலாக்கா நீரிணையில் ஒரு ஜப்பானியத் தாக்குகலம் அதை உரசிச் சென்றபோது, அந்தக் கலத்தின் விசிறி நீர்மூழ்கியின் இடப்பக்கத்து நிறைநீர்த் தொட்டிகளை நீளவாட்டில் கிழித்துவிட்டது. அந்த நிலையிலேயே டாலி ஹோ இலங்கைக்குத் திரும்பி வந்தது. கிழிந்தவை வெளித்தொட்டிகள், ஆட்கள் இருந்த உட்கூடு கெடவில்லை. நீர்மூழ்கியைப் பற்றிய எந்தப் பேச்சும் இந்த வேறுபாட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும். வெளிப்புறத் தகடு கடலைக் கிழித்துச் செல்வதற்கான உருவத்தைக் கொடுக்கிறது. கடலின் அமுக்கத்தைத் தாங்குவது உள்ளே இருக்கும் உருளைக்கூடு. இந்தக் கூட்டின் துண்டுகளைப் பொருத்தி ஒட்டும் வேலையில் ரோபோக்களைப் புகுத்துவது பற்றி உலகக் கப்பல்கட்டும் தளங்களில் இன்று நிறையப் பேசுகிறார்கள். பேச்சில் பெரும்பகுதி வேகத்தையும் கூலியையும் சுற்றியே போகிறது. ரோபோவுக்கு முதலில் கொடுக்கவேண்டிய வேலை அளப்பதும் நேர்ப்படுத்துவதும்தான், ஒட்டுவது அதற்குப் பிறகு என்பது என் வாதம்.

காரணம் பௌதிகத்தில் இருக்கிறது. கடலில் பத்து மீற்றர் இறங்கும்போதெல்லாம் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அமுக்கம் கூடுகிறது. 300 மீற்றர் ஆழத்தில் கூட்டின் ஒவ்வொரு சதுர மீற்றரின்மீதும் 300 தொன்னுக்குச் சற்று அதிகமான நிறை அழுத்துகிறது. ஓர் உருளை இதைத் தாங்குவது அதன் தடிப்பினால் மட்டுமல்ல, வட்டமாக இருப்பதாலும். கிணற்றுக்கு இறக்கும் கொங்கிரீட் வளையத்தை நினைத்துப் பாருங்கள்: சுற்றிலும் மண் நெருக்கினாலும் அது நிற்கிறது, ஏனெனில் நெருக்கம் எல்லாப் பக்கமும் ஒரே அளவாகச் சுற்றுவட்டம் முழுவதும் பகிரப்படுகிறது. வளையம் சற்று முட்டை வடிவானால் அந்தப் பகிர்வு குலைந்து, நெருக்கம் வளைவாக மாறும். வளைவு இன்னும் வளைவைக் கூட்டும். நீர்மூழ்கியின் கூடும் அப்படித்தான். அதனால் வட்டம் எவ்வளவு பிசகலாம் என்பதற்குப் பொறியியலாளர் ஓர் எல்லை வைத்திருக்கிறார்கள். வழக்கத்தில் உள்ள எல்லை ஆரையின் 0.5 சதவீதம். மும்பையில் கட்டப்பட்ட கல்வரி வகை நீர்மூழ்கியின் விட்டம் 6.2 மீற்றர். அந்தக் கணக்கின்படி, மனிதன் நிமிர்ந்து நடக்கக்கூடிய அந்தப் பெரிய உருளையில் அனுமதிக்கப்படும் பிசகு ஒன்றரைச் சென்ரிமீற்றர் அளவுதான். நல்ல தளங்கள் அதையும்விடக் குறைவாகவே வைத்துக்கொள்ள முயல்கின்றன.

வட்டம் சரியாக இருந்தாலும் போதாது. உருளையின் ஒரு பகுதியை அடுத்த பகுதியோடு சேர்க்கும்போது இரண்டின் விளிம்புகளும் நேருக்கு நேர் வரவேண்டும். 30 மில்லிமீற்றர் தடிப்புள்ள இரு தகடுகளுள் ஒன்று 3 மில்லிமீற்றர் மட்டும் ஏறியிருந்தால், தட்டையான தகடுகளுக்கான பாடநூல் கணக்கின்படி அந்தப் பொருத்தில் தகைப்பு ஏறத்தாழ 30 சதவீதம் கூடுகிறது. தகட்டில் பத்தில் ஒரு பங்கு விலகல், தகைப்பில் மூன்றில் ஒரு பங்குக்குக் கிட்டிய ஏற்றம். இதைச் சரிசெய்யப் பழைய வழி ஒன்று உண்டு: ஜக்கி வைத்து உந்தி, ஆப்பு அடித்து, விளிம்புகளை வலுக்கட்டாயமாக நேராக்கி, அப்படியே பிடித்துவைத்து ஒட்டிவிடுவது. வெளியிலிருந்து பார்த்தால் பொருத்து அழகாக இருக்கும். ஆனால் உந்திய விசை எங்கும் போவதில்லை. ஒட்டுக்குள்ளேயே அது பூட்டிக்கிடந்து, கடலின் அமுக்கத்தோடு பின்னர் கூடிக்கொள்ளும். ஒரு நீர்மூழ்கி தன் வாழ்நாளில் பலமுறை அமிழ்ந்து எழுகிறது. ஒவ்வொரு முறையும் அந்த இடம் களைப்படைகிறது.

பொருத்து முறை ஒரு கலத்தின் எதிர்காலத்தையே தீர்மானிக்கும் என்பதற்கு டாலி ஹோவின் குடும்பமே சாட்சி. பிரித்தானியாவின் டி வகை நீர்மூழ்கிகளில் முந்தியவை தகடுகளை ரிவெட் அடித்துச் சேர்த்தவை. அவற்றின் இயங்கு ஆழம் 300 அடி. பிந்திய கலங்கள் முழுவதும் வெல்டிங்கால் ஆனவை. அவை 350 அடி இறங்கின. போருக்குப் பிறகு வெல்டிங் கலங்களுள் எட்டை நடுவில் வெட்டி, கூடுதல் மின்கலங்களுக்காகப் புதிய பகுதியைச் செருகி நீட்டினார்கள். ரிவெட் அடித்த ஐந்து கலங்களுக்கு வெளியுருவத்தைச் சீராக்குவதோடு வேலை நின்றது. அவற்றை நீட்ட முடியவில்லை.

அதே போர்க்காலத்தில் ஜேர்மனி செய்த ஒரு காரியம் என் வாதத்துக்கு இன்னும் நெருக்கமானது. 1943இல் நீர்மூழ்கிக் கட்டுமானத்தைத் துரிதப்படுத்தும் பொறுப்பு ஓட்டோ மேர்க்கர் என்பவரிடம் கொடுக்கப்பட்டது. அவர் கப்பல்கட்டும் துறையைச் சேர்ந்தவர் அல்லர். வாகனத் தொழிற்சாலையிலிருந்து வந்தவர். டைப் 21 என்ற புதிய நீர்மூழ்கியை அவர் பகுதிகளாகப் பிரித்தார். உள்நாட்டில் பாலங்களும் கட்டடச் சட்டங்களும் செய்துவந்த உருக்கு ஆலைகளில் பகுதிகள் உருவாகின. பிறகு ஹம்பேர்க், பிறேமன், டான்சிக் ஆகிய மூன்று துறைமுகங்களில் அவை ஒன்றாக்கப்பட்டன. எண்ணம் சிறந்தது. இன்றைய நீர்மூழ்கிகள் எல்லாம் அந்த வழியில்தான் கட்டப்படுகின்றன. ஆனால் வந்து சேர்ந்த பகுதிகள் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தவில்லை. ஒவ்வோர் ஆலையும் தன் அளவில் சரியாகவே செய்ததாக நினைத்திருக்கலாம். எல்லாவற்றுக்கும் பொதுவான நம்பகமான அளவீடு இருக்கவில்லை. வெட்டித் திருத்தும் வேலை துறைமுகங்களில் குவிந்தது. நூற்றுக்கு மேற்பட்ட கலங்கள் கடற்படையில் சேர்க்கப்பட்டும், போர் முடிவதற்குள் போர்ப் பயணம் போனவை இரண்டே. குண்டுவீச்சும் பயிற்சிக் குறைவும் அதற்குப் பெருங்காரணங்கள் என்பதை மறைக்கக் கூடாது. ஆயினும் வேகத்தை முதலில் வைத்து அளவைப் பின்னால் வைத்ததன் விலையை அந்தத் தளங்கள் ஒவ்வொரு பொருத்திலும் கொடுத்தன.

இனி ரோபோ. இரண்டு பகுதிகளைச் சேர்க்கும் வேலையை அது எப்படிச் செய்யும்? முதலில் லேசர் அளவி, உருளையின் விளிம்பில் ஒட்டிய சிறு பிரதிபலிப்பான்களை ஒவ்வொன்றாகத் தேடி, அவற்றின் இடத்தை ஒரு மில்லிமீற்றரின் சிறு பின்னமளவு நுட்பத்தோடு குறித்துக்கொள்கிறது. இரு விளிம்புகளின் உண்மையான உருவமும் கணினிக்குள் வந்துவிடும். வரைபடத்தில் இருக்கும் உருவம் வேறு, ஆலையிலிருந்து வந்த உருவம் வேறு. அந்த இரு உண்மை உருவங்களையும் கணினி தனக்குள் திருப்பியும் நகர்த்தியும் பார்த்து, எந்த நிலையில் விலகல் மிகக் குறைவு என்று காண்கிறது. பிறகு பகுதியைத் தாங்கும் தொட்டிலின் ஜக்கிகளுக்குக் கட்டளை போகிறது: இந்த மூலை அரை மில்லிமீற்றர் மேலே, அந்த மூலை சற்று இடப்பக்கம். நகர்ந்ததும் மீண்டும் அளவு, மீண்டும் நகர்வு. இத்தனையும் முடிந்த பிறகே, கூட்டைச் சுற்றி அமைத்த தண்டவாளத்தில் வெல்டிங் வண்டி ஓடத் தொடங்க வேண்டும். கல்வரியின் ஐந்து பகுதிகள் 2014 ஜூலையில் ஒரே உடலாகச் சேர்க்கப்பட்டன. அதன் 6.2 மீற்றர் விட்டத்தில் ஒரு சுற்றுப் பொருத்து என்பது ஏறத்தாழ பத்தொன்பதரை மீற்றர் நீளம். அந்த நீளம் முழுவதும், அடுக்கடுக்காகப் பலமுறை, இடைவெளியைப் பார்த்துப் பார்த்துப் போகவேண்டும்.

அளப்பது எளிது என்று நினைப்பவர்கள் வெயிலை மறந்துவிடுகிறார்கள். உருக்கு பத்துப் பாகை செல்சியஸ் சூடானால் 6.2 மீற்றர் விட்டம் முக்கால் மில்லிமீற்றர் அளவு பெருக்கிறது. திருகோணமலை வெயிலில் ஒரு பக்கம் காய்ந்து மறுபக்கம் நிழலில் இருக்கும் உருளையை வட்டம் என்றே சொல்ல முடியாது. அதனால்தான் இத்தகைய வேலை கூரைக்குள், வெப்பநிலையையும் சேர்த்துப் பதிவு செய்தபடி நடக்கிறது. நிறையும் அப்படியே. நூற்றுக்கணக்கான தொன் நிறையுள்ள ஒரு பகுதி, எங்கே தாங்கப்படுகிறதோ அதற்கேற்பத் தொய்கிறது. ஒவ்வொரு ஜக்கியும் எவ்வளவு சுமக்கிறது என்று அறியாமல் நேர்ப்படுத்துவது குருட்டு வேலை. பாரம் எங்கே விழுகிறது என்பதைத் தவறவிட்டால் என்னவாகும் என்பதை எங்கள் துறைமுகம் கண்டிருக்கிறது. 1944 ஓகஸ்ட் 8ஆம் திகதி, ‘வேலியன்ட்’ என்ற போர்க்கப்பலைத் தூக்கிய மிதக்கும் செப்பனிடுதளம், தொட்டிகளின் நீரைக் கையாண்ட முறை பிழைத்ததால் உடைந்து அமிழ்ந்தது, கப்பலும் பெருஞ்சேதமடைந்தது. அது வெல்டிங் பற்றிய கதையல்ல என்பது உண்மைதான். ஆனால் பாரத்தின் பகிர்வைக் கணத்துக்குக் கணம் அறிவதன் தேவையைச் சொல்ல அதைவிட அருகில் எனக்கு உதாரணம் இல்லை.

எதிர்வாதங்கள் வலுவானவை. முதலாவது எண்ணிக்கை. கல்வரி வகையின் முதற்கலம் 2017 டிசம்பரில் கடற்படையில் சேர்ந்தது. ஆறாவதும் கடைசியுமான வாக்‌ஷீர் 2025 ஜனவரியில்தான் சேர்ந்தது. ஏழாண்டில் ஆறு கலங்கள் என்ற தொழிலில், ஒரே வேலையை ஆயிரம் தடவை செய்யப் பிறந்த இயந்திரத்துக்கு என்ன இடம்? ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யும் கைக்கு இடமில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். அளக்கும் கண்ணுக்கு இந்தத் தடை இல்லை. அது ஒவ்வொரு பகுதியையும் புதிதாகவே பார்க்கிறது. முந்திய பகுதி எப்படி இருந்தது என்பது அதற்குத் தேவையில்லை. குறைந்த எண்ணிக்கையில், ஒவ்வொன்றும் சற்று வேறாக வரும் இடத்தில்தான் அளவீட்டின் பயன் அதிகம்.

இரண்டாவது, விமானத் தொழிலின் கசப்பான அனுபவம். போயிங் நிறுவனம் தன் 777 விமானத்தின் உடற்தகடுகளைத் துளையிட்டு ஆணி பொருத்தும் வேலையை இணைந்து இயங்கும் ரோபோக்களிடம் கொடுத்தது. ஒன்று வெளியே, மற்றொன்று உள்ளே நின்று ஒரே ஆணியின் இரு முனைகளையும் கையாள வேண்டும். இரண்டும் ஒத்துப்போகவில்லை. அரைகுறையாக விட்ட வேலையை முடிப்பதற்கே ஆட்கள் வேண்டியிருந்தார்கள். 2019இல் நிறுவனம் அந்த முறையைக் கைவிட்டது. ஆனால் அதற்குப் பதிலாக வந்தது எது என்பதையும் பார்க்க வேண்டும்: துளையிடுவதைத் தண்டவாளத்தில் ஓடும் தானியங்கிக் கருவி செய்கிறது, ஆணியைத் தொழிலாளி கையால் பொருத்துகிறார். இடத்தைத் துல்லியமாகக் கண்டுபிடிக்கும் வேலை இயந்திரத்திடமே நின்றது; கைமுறையான தீர்ப்பு மனிதரிடம் திரும்பியது. என் வாதம் இந்த இடத்தில் தோற்கவில்லை, உறுதிப்படுகிறது.

மூன்றாவது எதிர்வாதம் உலோகத்தின் குணத்தைப் பற்றியது. எவ்வளவு நேர்ப்படுத்தினாலும் வெல்டிங்கின் வெப்பத்தில் உருக்கு பெருத்து, ஆறும்போது சுருங்கி இழுக்கிறது. அனுபவமுள்ள ஒட்டுநர் இதை உணர்ந்து, ஒரு பக்கம் சிறிது, எதிர்ப்பக்கம் சிறிது என்று மாற்றி மாற்றி ஒட்டுகிறார். அந்த அறிவை இயந்திரம் எங்கிருந்து பெறும்? அவரிடமிருந்துதான். அவர் எந்த வரிசையில் ஒட்டினார், ஒவ்வோர் அடுக்குக்கும் பிறகு வட்டம் எவ்வளவு நகர்ந்தது என்பதை அளவி பதிவு செய்துகொண்டே வந்தால், இதுவரை கையோடு வந்து கையோடு போன அனுபவம் அடுத்த தலைமுறைக்கு எண்களாகவும் கிடைக்கும்.

இதைவிட எனக்குக் கவலை தருவது வேறொன்று. மனிதர் பிழைத்தால் ஓரிடத்தில் பிழைப்பார். அளவி பிழையாகச் சரிப்படுத்தப்பட்டிருந்தால் பத்தொன்பதரை மீற்றரும் ஒரே சீராகப் பிழைக்கும், அது பார்வைக்கு நேர்த்தியாகவும் இருக்கும். எனவே பொருத்திய கருவியே சோதனைக் கருவியாகவும் இருக்கக் கூடாது. ஒட்டியது ஒரு குழு, கழியொலியால் உள்ளே பார்ப்பது வேறொரு குழு என்ற பிரிவு இன்றியமையாதது. அந்தச் சோதனைக்கும் அவசரம் ஆகாது. நீர்மூழ்கிக் கூட்டுக்குரிய வலிய உருக்கில் ஈரத்திலிருந்து புகும் ஐதரசன், ஒட்டு ஆறிய பின்னரும் மணிக்கணக்கில், சில வேளை நாட்கணக்கில் காத்திருந்து வெடிப்பை உண்டாக்கக்கூடியது. தகட்டை முன்கூட்டியே சூடாக்குவதும், வெல்டிங் குச்சிகளை அடுப்பில் உலர்த்துவதும் அதற்காகத்தான். வடகீழ்ப் பருவமழைக் காற்று வீசும் கரையில் அந்த அடுப்பை அலட்சியம் செய்ய முடியாது.

சோதனையை ஒத்திப்போட்டதன் விலையை 1963 ஏப்ரல் 10ஆம் திகதி அமெரிக்கா கொடுத்தது. ‘திறெஷர்’ நீர்மூழ்கி 129 பேருடன் அமிழ்ந்தது. கடல்நீர்க் குழாய் ஒன்றின் பொருத்து விட்டுப்போனதே தொடக்கமாக இருக்கலாம் என்று விசாரணை கருதியது. அதற்கு முந்திய பராமரிப்பின்போது கழியொலியால் பார்த்த 145 குழாய்ப் பொருத்துகளுள் ஏறத்தாழ 14 சதவீதம் தரக்குறைவானவை என்று தெரியவந்திருந்தது. மற்ற ஆயிரக்கணக்கானவை பார்க்கப்படவில்லை. அதன் பின்னர் ஒவ்வொரு பொருத்துக்கும் எழுத்துச் சான்று கேட்கும் கண்டிப்பான முறையை அமெரிக்கக் கடற்படை கொண்டுவந்தது. எழுத்துச் சான்றும் மனிதர் எழுதுவதே. 2024இல் அமெரிக்காவின் நியூபோர்ட் நியூஸ் தளத்தில் சில வெல்டிங் வேலைகள் வகுத்த நடைமுறைப்படி செய்யப்படவில்லை என்று அந்த நிறுவனமே அறிவித்தது. மின்னோட்டம், வேகம், வெப்பநிலை ஆகியவற்றைக் கணந்தோறும் தானே எழுதும் வெல்டிங் வண்டி இருந்தால், நடைமுறை மீறப்பட்ட இடம் அன்றைக்கே தெரியும். இதில் தொழிலாளிக்கும் நன்மை உண்டு: செய்யாத பிழைக்கு அவர் பழி சுமக்க வேண்டியதில்லை.

அப்படியானால் வெல்டிங் கற்ற பிள்ளைகளின் பிழைப்பு என்னாவது? திருகோணமலையின் அன்புவழிபுரத்திலும் துறைமுகத்தைச் சுற்றியுள்ள ஊர்களிலும் இந்தக் கேள்வி வெறும் வாதத்துக்காகக் கேட்கப்படுவதல்ல. கடற்படைத் தளத்தின் கைத்தொழில்களால் வளர்ந்த நகரம் இது. 1957இல் பிரித்தானியர் தளத்தை ஒப்படைத்துப் போனபோது வேலைகள் சுருங்கியதையும் கண்ட நகரம். இலங்கையிடம் நீர்மூழ்கி இல்லை, கட்டும் திட்டமும் இல்லை. ஆனால் கல்வரியைக் கட்டிய மும்பை மசகான் நிறுவனம் கொழும்புக் கப்பற்றுறையின் பெரும்பான்மைப் பங்கை வாங்கப்போவதாக 2025 ஜூனில் அறிவித்தது. அங்கே வேலைக்குப் போகிறவரிடம் என்ன திறமை கேட்கப்படும் என்பதைப் பயிற்சி நிலையங்கள் இப்போதே யோசிக்க வேண்டும். திருச்சியில் பெல் நிறுவன வளாகத்தில் 1975இல் தொடங்கிய வெல்டிங் ஆய்வு நிறுவனம், ஒட்டுவதையும் ஒட்டைச் சோதிப்பதையும் ஒரே துறையின் இரு பாதிகளாகக் கற்பித்துவருகிறது. நமது தேசிய தொழிற்றகைமைப் பாடத்திலும் குச்சியைப் பிடிக்கும் பயிற்சியோடு, லேசர் அளவியை நிலைநிறுத்துவது, வெப்பத்துக்கு ஏற்ப அளவைத் திருத்துவது, கழியொலித் திரையில் வெடிப்பையும் கசட்டையும் பிரித்தறிவது ஆகிய மூன்றும் சேரவேண்டும். இவற்றைப் பழக நீர்மூழ்கி தேவையில்லை. திருத்தத்துக்கு வரும் இழுவைப்படகின் அடித்தகடும், எரிபொருள் தாங்கியின் பொருத்துகளுமே போதும்.