புதியதைப் பழையதாக்கும் கலை

கடையில் வாங்கிய மாதிரி இரயில் பெட்டி ஒன்றை உறையிலிருந்து வெளியே எடுத்தால், அது பளபளவென்று மின்னும். கதவுகள், தாழ்ப்பாள்கள், சக்கரங்கள், எண்கள் என எல்லாமே அச்சு அசலாக அமைந்திருக்கும். ஆயினும், அதை உண்மையான சரக்குப் பெட்டியின் நிழற்படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால், ஏதோ ஒன்று குறைவது தெரியும். உண்மையான பெட்டி வெயிலில் வெளுத்து, மழையில் நனைந்து, சேறும் கரியும் படிந்து, விளிம்புகளில் துருவேறி நிற்கும். மாதிரிப் பெட்டியோ ஒரு நாள்கூட வேலை செய்யாததுபோல் காட்சியளிக்கும். இந்தக் குறையைப் போக்கவே, மாதிரி இரயில் ஆர்வலர்கள் தங்கள் பெட்டிகளுக்குத் துருவையும் அழுக்கையும் தாங்களே ஏற்றுகின்றனர்.

மாதிரி இரயில் என்பது உண்மையான இரயிலைக் குறிப்பிட்ட விகிதத்தில் சிறிதாக்கிச் செய்வதாகும். உலகில் பரவலாகப் பயன்படும் விகிதங்களுள் ஒன்று 1:87. அஃதாவது, 8.7 மீட்டர் நீளமுள்ள பெட்டி, மாதிரியில் 10 சென்டிமீட்டராக அமையும். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் வாழ்ந்த ஜான் ஆலன் (1913–1973) என்பவர், இந்த விகிதத்தில் மலைகளும் பாலங்களும் ஊர்களும் நிறைந்த ஓர் இரயில் உலகத்தைத் தம் வீட்டில் உருவாக்கினார். அவர் தொழில்முறை நிழற்படக் கலைஞர். ஒளியையும் நிறத்தையும் கூர்ந்து நோக்கிப் பழகிய அவர் கண்களுக்குப் பளபளக்கும் பெட்டிகள் பொய்யாகத் தோன்றின. எனவே, தம் பெட்டிகளையும் கட்டடங்களையும் உழைத்துக் களைத்தவைபோல் மாற்றினார். இந்த உத்தியைப் பரவலாக்கியவர்களுள் அவர் முக்கியமானவர்.

வண்ணத்தையும் தூரிகையையும் கையில் எடுப்பதற்கு முன்னர், துரு எப்படி உண்டாகிறது என்பதை அறிந்துகொள்ள வேண்டும். இரும்பு, காற்றிலுள்ள உயிர்வளியோடும் நீரோடும் வினைபுரியும்போது துரு உண்டாகிறது. இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் துரு பிடிக்காது. உப்பு கலந்த ஈரம் இந்த வினையை விரைவுபடுத்தும். அதனால்தான் கடலோரத்தில் நிற்கும் இரும்புப் பொருள்கள் விரைவில் துருப்பிடிக்கின்றன. இரும்பின்மீது பூசிய வண்ணம், காற்றும் நீரும் அதைத் தொடாமல் காக்கிறது. வண்ணம் எங்கே உரிகிறதோ, அங்கேதான் துரு தொடங்கும். மேலும், துரு தான் அழித்த இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். எனவே, சுற்றியுள்ள வண்ணத்தையும் அது மெல்ல மேலே தூக்கி உரித்துவிடும். புதிய துரு செம்மஞ்சளாக இருக்கும். பழைய துரு கரும்பழுப்பாக மாறியிருக்கும்.

இந்த அறிவியல் உண்மைகள் தெரிந்தவருக்குத் துருவை எங்கே வைப்பது என்ற குழப்பம் வராது. கதவின் விளிம்புகள், ஆணித்தலைகள், படிக்கட்டுகள், நீர் தேங்கும் இடுக்குகள் ஆகியவையே துருவுக்குரிய இடங்கள். மற்ற கறைகளுக்கும் காரணம் உண்டு. கூரை வெயிலில் வெளுக்கும். மழைநீர் வழிந்த தடம் மேலிருந்து கீழ்நோக்கியே இருக்கும். சக்கரங்கள் வாரியிறைக்கும் சேறு பெட்டியின் அடிப்பகுதியில் படியும். நீராவி இயந்திரத்தின் புகைபோக்கியைச் சுற்றிக் கரி படிந்திருக்கும். கொதிகலனின் நீர் கசிந்த இடங்களில் வெள்ளைப் படிவுகள் தெரியும். காரணமில்லாத ஒரு கறைகூட உண்மையான இரயிலில் இல்லை.

இனி, செய்முறைக்கு வருவோம். முதலில், பெட்டியைச் சோப்பு நீரில் மெதுவாகக் கழுவி, நன்றாக உலரவிட வேண்டும். விரலில் உள்ள எண்ணெய்ப் பசை ஒட்டியிருந்தால் வண்ணம் பிடிக்காது. பின்னர், பளபளப்பற்ற வார்னிஷை மெல்லிய படலமாகப் பூச வேண்டும். இந்தச் சொரசொரப்பான மேற்பரப்பில்தான் அடுத்துப் பூசும் வண்ணங்களும் பொடிகளும் தங்கும்.

இரண்டாவதாக, அழுக்கு நீரைத் தயாரிக்க வேண்டும். கரும்பழுப்பு அக்ரிலிக் வண்ணம் ஒரு பங்குக்கு ஏறத்தாழப் பத்துப் பங்கு நீர் சேர்க்க வேண்டும். அதனுடன் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளி விட்டால், நீர் முத்துமுத்தாகத் திரளாமல் இடுக்குகளுக்குள் பரவும். இதனைப் பெட்டியின் பக்கவாட்டில் பூசி, சற்று நேரம் கழித்து ஈரத்துணியால் மேலிருந்து கீழாகத் துடைக்க வேண்டும். பலகைகளின் இடைவெளிகளில் கருமை தங்கிவிடும். மேற்பரப்பில் மழை வழிந்த தடம் மட்டும் எஞ்சும்.

மூன்றாவதாகத் துருவை உண்டாக்க வேண்டும். இதற்குத் தூரிகையைவிட நுரைப்பஞ்சுத் துண்டு சிறந்தது. அதனைக் கத்தரிக்கோலால் வெட்டாமல் கையால் பிய்த்தெடுக்க வேண்டும்; அப்போதுதான் அதன் விளிம்பு ஒழுங்கற்று இருக்கும். பஞ்சைக் கரும்பழுப்பு வண்ணத்தில் தொட்டு, பெரும்பகுதியைத் தாளில் ஒற்றியெடுத்துவிட்டு, விளிம்புகளில் மெல்லத் தட்ட வேண்டும். வண்ணம் உரிந்து துருவேறியதுபோன்ற புள்ளிகள் விழும். அவை உலர்ந்தபின், அவற்றுள் சிலவற்றின் நடுவே மட்டும் செம்மஞ்சள் வண்ணத்தைச் சிறிதளவு வைக்கலாம். முதலிலேயே பெட்டி முழுவதும் செம்மஞ்சளைப் பூசுவதுதான் புதியவர்கள் பெரும்பாலும் செய்யும் பிழை. அத்தகைய பெட்டி, துருப்பிடித்ததாகத் தோன்றாது. மஞ்சள் நீரில் விழுந்ததாகவே தோன்றும்.

நான்காவதாகத் தூசியைச் சேர்க்க வேண்டும். பழுப்பு, சாம்பல், கறுப்பு நிறச் சுண்ணக்கட்டிகளை மணல்தாளில் தேய்த்தால் மென்மையான பொடி கிடைக்கும். உலர்ந்த தூரிகையால் அப்பொடியைக் கூரையிலும் அடிப்பகுதியிலும் தடவலாம். இறுதியாக, வார்னிஷை மீண்டும் மெல்லியதாகத் தெளித்தால் பொடி உதிராது. வார்னிஷ் பட்டதும் பொடியின் நிறம் சற்று மங்கும். எனவே, ஒரே முறையில் அள்ளிப் பூசாமல், சிறிது சிறிதாக இரண்டு மூன்று முறை செய்வது நல்லது.

தண்டவாளத்தைத் தாங்கும் சிலிப்பர் கட்டைகளையும் பழையவை ஆக்கலாம். சிறு மரக்குச்சிகளைக் கெட்டியான தேநீரில் ஊறவைத்து உலர்த்த வேண்டும். துருப்பிடிக்கும் வகை இரும்புப் பஞ்சைக் காடியில் ஓரிரு நாள்கள் போட்டு வைத்தால், இரும்பு அதில் கரையும். அந்தக் கரைசலைத் தேநீர் ஊறிய குச்சியில் தடவினால், தேநீரிலுள்ள தானின் என்னும் பொருள் இரும்போடு வினைபுரிந்து, மரத்தைச் சாம்பலும் கருமையும் கலந்த நிறமாக்கிவிடும். பல்லாண்டுகள் வெயிலிலும் மழையிலும் கிடந்த கட்டைபோல் அது தோன்றும். இந்த வினையின்போது வாயு வெளியாகும். ஆகவே, பாத்திரத்தை இறுக மூடக்கூடாது. தீயின் அருகிலும் வைக்கக்கூடாது.

இப்பணியில் இன்னும் சில எச்சரிக்கைகள் தேவை. மாதிரி இரயிலுக்குரிய மின்சாரம் தண்டவாளத்தின் மேற்பரப்பு வழியாகச் சக்கரங்களுக்குச் சென்று, அங்கிருந்து மோட்டாரை அடைகிறது. இந்த இடங்களில் வண்ணம் படிந்தால் இரயில் ஓடாது. உண்மையான தண்டவாளத்திலும் பக்கவாட்டில் துரு இருக்கும். சக்கரம் உருளும் மேற்பகுதி தேய்ந்து மின்னும். ஆகவே, மேற்பகுதியைத் துடைத்து வைப்பது ஓட்டத்திற்கும் நல்லது, தோற்றத்திற்கும் பொருத்தமானது. அசல் துருப்பொடியையோ இரும்புப் பஞ்சையோ இயந்திரத்தின் அருகில் கொண்டு செல்லக்கூடாது. அவற்றின் துகள்களை மோட்டாரிலுள்ள காந்தம் இழுத்துக்கொண்டால் மோட்டார் பழுதாகிவிடும். பொடியைத் தேய்க்கும்போதும் வார்னிஷைத் தெளிக்கும்போதும் முகக்கவரி அணிந்து, காற்றோட்டமான இடத்தில் வேலை செய்ய வேண்டும். விலையுயர்ந்த பெட்டியில் கைவைப்பதற்கு முன்னர், உடைந்த பெட்டி ஒன்றில் பழகிப் பார்ப்பதே அறிவுடைமை. ஏறிய துருவை இறக்குவது எளிதன்று.

எங்கே நிறுத்துவது என்பதையும் ஆர்வலர்கள் கற்றுக்கொள்ள வேண்டும். எல்லாப் பெட்டிகளும் ஒரே அளவு பழையனவாக இருந்தால், அதுவும் செயற்கையாகவே தோன்றும். உண்மையான இரயிலில் நேற்று வந்த பெட்டியும் இருபது ஆண்டுகள் ஓடிய பெட்டியும் ஒன்றாகவே இணைந்து செல்கின்றன. இதனாலேயே, தேர்ந்த ஆர்வலர்கள் நிழற்படத்தை எதிரில் வைத்துக்கொண்டே வேலை செய்கின்றனர்.

இப்பொழுதுபோக்கு வெறும் விளையாட்டன்று. மறைந்துபோன ஒன்றைக் காத்து வைக்கும் வழியுமாகும். மலாயாவின் முதல் இரயில் பாதை, 1885ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள், தைப்பிங்கிற்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே திறக்கப்பட்டது. இன்று அங்கே இரயில் ஓடுவதில்லை. போர்ட் வெல்டும் கோலா செப்பெத்தாங் என்று பெயர் மாறிவிட்டது. சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் நிலையத்திலிருந்தும் 2011ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாளோடு இரயில்கள் புறப்படுவது நின்றது. இந்நாடுகளில் தண்டவாளம் பதித்தவர்களுள்ளும், அதனைப் பழுதுபார்த்துக் காத்தவர்களுள்ளும் தமிழர்கள் பலர் இருந்தனர். அத்தகைய பாதை ஒன்றை மாதிரியாகச் செய்பவர், பெட்டியைப் பளபளப்பாக விட்டுவிட்டால் இரயிலை மட்டுமே காட்டுவார். தேய்ந்த படிக்கட்டையும் கைபட்டுக் கறுத்த தாழ்ப்பாளையும் சேர்த்துக் காட்டினால், அதில் ஏறி இறங்கி உழைத்தவர்களையும் நினைவூட்டுவார்.

ஜான் ஆலன் 1973ஆம் ஆண்டு ஜனவரியில் காலமானார். அடுத்த சில நாள்களில் நேர்ந்த தீவிபத்தில் அவருடைய இரயில் உலகத்தின் பெரும்பகுதி அழிந்தது. ஆனால், அவர் எடுத்த நிழற்படங்கள் நிலைத்துவிட்டன. அவற்றைப் பார்ப்பவர்களுக்கு அந்தப் பெட்டிகள் விரல் நீளமே உடையவை என்பது உடனே தோன்றாது. சரியான இடத்தில் வைத்த சிறிதளவு துருவும் அதற்கு ஒரு காரணம்.