ஆர்வம் முதலாளியோடு நின்றுவிடலாமா?

கடை முதலாளிக்குத் தொழிலில் ஆர்வம் உண்டு. பொட்டலம் மடிக்கும் பையனுக்கு உண்டா? தம் ஆர்வத்தை அவனிடமும் கொண்டு சேர்ப்பவரே நல்ல தலைவர். இதற்கு ஜப்பானியத் தொழிலதிபர் கோனோசுகே மட்சுஷிடா சிறந்த உதாரணம்.

ஒன்பது வயதில் ஒசாகா நகருக்கு வந்து, கரியடுப்புக் கடையிலும் பிறகு சைக்கிள் கடையிலும் எடுபிடியாக இருந்தவர் அவர். 1918-ல் மின்சாதனத் தொழில் தொடங்கினார். ‘நேஷனல்’, ‘பானாசோனிக்’ என்று உலகம் அறிந்த நிறுவனம் அதுதான்.

1929-ன் இறுதியில் விற்பனை பாதியாகச் சரிந்தது. கிடங்கில் சரக்கு தேங்கியது. ஆட்குறைப்பு யோசனையை அவர் ஏற்கவில்லை. உற்பத்தியைப் பாதியாக்கினார். வேலை அரை நாள்தான், சம்பளம் முழுதாகக் கிடைக்கும். ஆனால் விடுமுறையிலும் அனைவரும் சரக்கை விற்க வேண்டும் என்றார். சில மாதங்களிலேயே கிடங்கு காலியானது.

1932 மே 5 அன்று 168 ஊழியர்களைக் கூட்டித் தம் லட்சியத்தை விளக்கினார். குழாய்த் தண்ணீரைப் போல நல்ல பொருள்கள் தாராளமாக, மலிவாக எல்லோருக்கும் கிடைக்க வேண்டும் என்பதே அது. முதலில் அவர்கள் பிழைப்பைக் காத்தவர் என்பதால் பேச்சு எடுபட்டது.

வணிகப் பெருமக்களே! நம் கடையில் நமக்குப் பெருமை தருவது எது? சரியான எடையா, கலப்படமற்ற சரக்கா? அதை முதலில் நாம் தெளிவாக அறிய வேண்டும். தினமும் கடை திறந்ததும் ஐந்து நிமிடம் ஊழியர்களிடம் அதைப் பேசுங்கள். வியாபாரம் மந்தமான நாளில் அவர்களைக் கைவிடாதீர்கள். “முதலாளி கடை” என்பவர்கள் “எங்கள் கடை” என்பார்கள்.