கரும்பு வயலில் ஆளில்லா விமானம்: பறக்கவிடும் முன் கவனிக்க வேண்டியவை

கடலூர் மாவட்டத்தில் நெல்லிக்குப்பம் வட்டாரம் 19ஆம் நூற்றாண்டிலிருந்தே கரும்புக்கும் சர்க்கரை ஆலைக்கும் பெயர் பெற்றது. நட்டு ஐந்து மாதம் கடந்த கரும்பில் கைத்தெளிப்பானுடன் ஆள் நுழைவது எளிதன்று. சோகையின் விளிம்பு உடலைக் கீறும். தலைக்கு மேல் பீய்ச்சும் மருந்து அடிப்பவர் மீதே வழியும். கூலி ஆள் கிடைப்பதும் அரிதாகிவிட்டது. இந்தக் காரணங்களால் 'ட்ரோன்' எனப்படும் ஆளில்லா விமானத்தை வாடகைக்கு அமர்த்தித் தெளிக்கும் வழக்கம் பரவி வருகிறது. ஒரு ஏக்கரைச் சுமார் பத்து நிமிடத்தில் முடித்துவிடும் இக்கருவி, கவனக்குறைவாகக் கையாளப்பட்டால் பக்கத்து வயலுக்கும் ஆட்களுக்கும் கேடு விளைவிக்கும். வாடகைக்கு எடுக்கும் விவசாயியும் இதன் முறைகளை அறிந்திருத்தல் அவசியம்.

எதற்கு உதவும், எதற்கு உதவாது?

இலைமேல் இருக்கும் பூச்சி, இலைநோய், இலைவழி ஊட்டம் ஆகியவற்றுக்கு ட்ரோன் ஏற்றது. தண்டைக் குடைந்து உள்ளே சென்றுவிட்ட இடைக்கணுப்புழுவை மேலிருந்து தெளிக்கும் மருந்து எட்டாது. அதற்கு நான்காம் மாதத்திலிருந்து 15 நாட்களுக்கு ஒருமுறை டிரைக்கோகிரம்மா முட்டை ஒட்டுண்ணி அட்டைகளைக் கட்டுவதே சிறந்தது. அட்டை கட்டிய வயலில் பூச்சிமருந்து தெளித்தால் ஒட்டுண்ணியும் சேர்ந்து மடியும்.

களைக்கொல்லியில் மிகுந்த எச்சரிக்கை தேவை. கரும்பு புல்லினப் பயிர் என்பதால் 2,4-டி மருந்தைத் தாங்கிக்கொள்ளும். அதே மருந்து காற்றில் நகர்ந்து பக்கத்திலுள்ள உளுந்து, மணிலா, கத்தரி, பருத்தி மீது பட்டால் இலை சுருண்டு பயிர் கெடும். சிறு சிறு துண்டு நிலங்கள் அடுத்தடுத்து உள்ள இடங்களில் களைக்கொல்லியை ட்ரோன் மூலம் தெளிக்காமல் இருப்பதே நல்லது.

யார் இயக்கலாம்?

ட்ரோன் விதிகள் 2021ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் நடைமுறைக்கு வந்தன. 10 லிட்டர் தொட்டி உள்ள தெளிப்பு ட்ரோன், 2 கிலோவுக்கு மேல் 25 கிலோ வரையிலான 'சிறிய' வகையில் அடங்கும். இதை இயக்குபவர் அங்கீகரிக்கப்பட்ட நிலையத்தில் பயிற்சி பெற்றுச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். ட்ரோனுக்குத் தனி அடையாள எண்ணும் மூன்றாம் நபர் காப்பீடும் வேண்டும். விமான நிலையங்களைச் சுற்றியும் முக்கிய நிறுவனங்கள் மீதும் பறக்கத் தடையோ, முன் அனுமதியோ உண்டு. இந்த எல்லைகளை 'டிஜிட்டல் ஸ்கை' வரைபடத்தில் பார்த்துக்கொள்ளலாம். முன்பணம் கொடுப்பதற்கு முன் இயக்குபவரிடம் சான்றிதழையும் காப்பீட்டையும் கேட்டு வாங்கிப் பார்ப்பதில் தவறில்லை.

மருந்துக் கணக்கு

பெரும்பாலான தவறுகள் இங்கேதான் நேர்கின்றன. கைத்தெளிப்பானில் ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீர் செலவாகிறது. ட்ரோனில் 10 லிட்டரே போதும். ஏக்கருக்கு 150 மில்லி என்று சிபாரிசுள்ள மருந்தை எந்தக் கருவியில் தெளித்தாலும் அளவு 150 மில்லிதான். 'லிட்டருக்கு இத்தனை மில்லி' என்ற பழைய கணக்கில் கலந்தால், மருந்து இருபதில் ஒரு பங்காகக் குறைந்து பூச்சி சாகாது; செலவு வீணாகும்.

மறுபுறம், ட்ரோனிலிருந்து விழும் ஒவ்வொரு துளியும் வழக்கத்தைவிட இருபது மடங்கு கடுமையானது. இலை கருகுமா என்பதை அறியாமல் எந்த மருந்தையும் தொட்டியில் ஊற்றக்கூடாது. ஏக்கருக்குக் கிலோ கணக்கில் கரைக்கும் ஊட்டக் கலவைகளை 10 லிட்டரில் கரைத்தால் தெளிப்பு முனை அடைத்துக்கொள்ளும், இலையும் கருகும். ட்ரோனில் தெளிக்க அனுமதியுள்ள மருந்து எது, அளவு என்ன என்பதை வேளாண்மை அலுவலரிடம் கேட்டறிய வேண்டும்.

முதல் நாள் வேலை

வானிலிருந்து தெளிப்பதைப் பற்றிப் பொதுமக்களுக்கு 24 மணி நேரத்துக்குக் குறையாமல் முன்னறிவிப்புச் செய்ய வேண்டும் என்பது 1971ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகளிலேயே உள்ளது. ஆட்களையும் கால்நடைகளையும் வயலுக்குள் விடக்கூடாது என்றும் அவ்விதிகள் கூறுகின்றன. கேரளத்தின் காசர்கோடு பகுதி முந்திரித் தோட்டங்களில் 1970களின் இறுதியிலிருந்து 2000ஆம் ஆண்டு வரை ஹெலிகாப்டர் மூலம் எண்டோசல்பான் தெளிக்கப்பட்டது. அங்குள்ள மக்கள் பட்ட துன்பத்தை நாடே அறியும். அந்த மருந்துக்கு 2011இல் உச்சநீதிமன்றம் தடை விதித்தது. உயரமும் அளவும் குறைவு என்பதால் ட்ரோனில் அந்த ஆபத்து இல்லை என்று அலட்சியமாக இருத்தல் கூடாது.

பக்கத்து நிலக்காரர், தேனீ வளர்ப்போர், மீன்குட்டை வைத்திருப்போர் ஆகியோரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். வயலை ஒருமுறை சுற்றி வந்து, மோட்டார் கொட்டகைக்குச் செல்லும் மின்கம்பி, கம்பத்தின் இழுவைக் கம்பி, பனை, தென்னை ஆகியவை எங்கே உள்ளன என்று குறித்து இயக்குபவரிடம் காட்ட வேண்டும். மெல்லிய கம்பியை அவர் திரையில் காண முடியாது. நிலத்துக்காரருக்குத்தான் அது தெரியும்.

பறக்கும் முன் சோதனை

வானொலி அலையால் இயங்கும் பொம்மை விமானம் பறக்கவிடுவோர் நெடுங்காலமாகக் கடைப்பிடிக்கும் ஒழுங்குமுறையே இதற்கும் பொருந்தும். முதலில் கைக்கருவியை இயக்கி, அதன் பிறகே விமானத்தின் பேட்டரியை இணைக்க வேண்டும். நிறுத்தும்போது முதலில் விமானத்தின் பேட்டரியைக் கழற்றி, பிறகு கைக்கருவியை அணைக்க வேண்டும். இந்த வரிசை மாறினால் விசிறி எதிர்பாராமல் சுழன்று கையை வெட்டிவிடும்.

பேட்டரி இணைக்காத நிலையில் ஒவ்வொரு விசிறியையும் தொட்டு, விரிசல் உள்ளதா, திருகு தளர்ந்துள்ளதா என்று பார்க்க வேண்டும். திசைகாட்டியைச் சரிசெய்யும்போது டிராக்டர், இரும்புக் குழாய் ஆகியவற்றிலிருந்து விலகி நிற்க வேண்டும். தொடர்பு அறுந்தால் விமானம் தானே திரும்பிவரும் உயரத்தை, அருகிலுள்ள உயரமான தென்னைக்கும் மேலாக அமைக்க வேண்டும். மருந்து ஊற்றுவதற்கு முன் வெறும் தண்ணீரில் தெளித்து, எல்லா முனைகளும் சீராகப் பீய்ச்சுகின்றனவா என்று பார்ப்பது நல்லது.

லித்தியம் பேட்டரி உப்பியிருந்தால் அதைப் பயன்படுத்தவே கூடாது. சூடாக இறங்கிய பேட்டரியை ஆறவிட்டே மின்னேற்றம் செய்ய வேண்டும். சோகை, வைக்கோல் அருகே மின்னேற்றம் செய்யக்கூடாது. சிமெண்டுத் தரையே ஏற்றது. பக்கத்தில் ஒரு வாளி மணல் இருக்கட்டும்.

பறக்கும் நேரம்

காலை நேரமே உகந்தது. பனி காய்ந்த பின் தொடங்கி, வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட வேண்டும். கடற்கரைக்கு அருகிலுள்ள இவ்வட்டாரத்தில் பிற்பகலில் கடற்காற்று எழும். காற்று வினாடிக்கு 3 மீட்டரைத் தாண்டினால் தெளிக்கக்கூடாது. கருவி இல்லாவிட்டாலும் இதைக் கண்டறியலாம். முகத்தில் இலேசாகக் காற்று படும் அளவு சரி. இலைகளும் சிறு குச்சிகளும் இடைவிடாது ஆடினால் நிறுத்திவிட வேண்டும். மழை வரும் அறிகுறி இருந்தால் மறுநாளைக்குத் தள்ளிவைக்கலாம்.

பயிரின் நுனியிலிருந்து சுமார் 2 மீட்டர் உயரத்தில் பறக்கவிட வேண்டும். உயரம் கூடினால் மருந்து பக்கத்து வயலுக்குப் போகும். ட்ரோன் எப்போதும் இயக்குபவரின் கண்பார்வையில் இருக்க வேண்டும். வளர்ந்த கரும்பு கண்ணை மறைக்கும் என்பதால், மேட்டு வரப்பில் இயக்குபவரும் மறுகோடியில் கைபேசியுடன் ஓர் உதவியாளரும் காற்றடிக்கும் திசைக்கு மேற்புறமாக நிற்க வேண்டும். சிறுவர்கள் வேடிக்கை பார்க்கக் கூடுவார்கள். அவர்களைத் தொலைவில் நிறுத்துவது நிலத்துக்காரரின் பொறுப்பு.

விழுந்துவிட்டால்

விசிறி முழுவதும் நின்ற பிறகே அருகில் செல்ல வேண்டும். அடிபட்ட பேட்டரி சிறிது நேரம் கழித்தும் தீப்பற்றும். காய்ந்த சோகை நிறைந்த வயலில் ஒரு பொறி போதும், தோட்டமே எரிந்துவிடும். எனவே மணலும் தண்ணீரும் தயாராக இருக்க வேண்டும். மின்கம்பியில் சிக்கினால் கழி கொண்டு தட்டக்கூடாது. மின்வாரியத்துக்குத் தெரிவித்து மின்சாரத்தை நிறுத்திய பிறகே எடுக்க வேண்டும்.

வேலை முடிந்ததும் தொட்டியை மூன்று முறை கழுவி, கழுவிய நீரைத் தெளித்த வயலிலேயே விட வேண்டும். வாய்க்காலிலோ கெடிலத்திலோ கொட்டக்கூடாது. மருந்து கலப்பவர் கையுறை, முகமூடி அணிவது கட்டாயம்.

சிறு விவசாயிகள் ட்ரோனைச் சொந்தமாக வாங்க வேண்டியதில்லை. அடுத்தடுத்த நிலக்காரர்கள் நான்கைந்து பேர் சேர்ந்து ஒரே நாளில் தெளித்தால் வாடகை குறையும். மருந்து காற்றில் நகர்வதால் வரும் சண்டையும் இராது. பயிருக்கு உண்மையில் மருந்து தேவையா என்பதைக் கடலூர் செம்மண்டலத்திலுள்ள கரும்பு ஆராய்ச்சி நிலையத்திலோ, வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்திலோ கேட்டறிந்த பிறகே ட்ரோனுக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். தேவையில்லாமல் தெளிப்பது எந்தக் கருவியிலும் நட்டமே.