தத்துக் குழந்தையின் வருகைக்கு ஆயத்தமாதல்

தத்தெடுப்பின் வழியாக வரவிருக்கும் குழந்தைக்காக ஒரு குடும்பம் தன் வீட்டையும் அன்றாட வாழ்க்கையையும் முன்கூட்டியே ஒழுங்குபடுத்திக்கொள்வது, தத்தெடுப்பு நடைமுறையின் முக்கியமான பகுதியாகும். பிறக்கவிருக்கும் குழந்தைக்கான ஏற்பாடுகளிலிருந்து இது இரண்டு வகைகளில் வேறுபடுகிறது. முதலாவது, வருகின்ற நாள் தெரியாது. இரண்டாவது, வரும் குழந்தை புதிதாகப் பிறந்து வருவதில்லை. அது சில மாதங்களோ சில ஆண்டுகளோ வேறோர் இடத்தில் வாழ்ந்துவிட்டு, அந்த இடத்தின் பழக்கங்களோடும் இழப்புகளோடும் வருகிறது. தொட்டிலும் துணியும் வாங்குவது கடைசி வாரத்தில்கூட முடிந்துவிடும். மனிதர்களை ஆயத்தப்படுத்தத்தான் நீண்ட காலம் தேவைப்படுகிறது.

சட்டமும் காத்திருப்பும்

இந்தியாவில் தத்தெடுப்பு முதன்மையாக இரண்டு சட்டங்களின் கீழ் நடைபெறுகிறது. 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டம் இந்து, பௌத்த, சமண, சீக்கிய சமயத்தவருக்கு உரியது. அண்ணன் பிள்ளையையோ தங்கை பிள்ளையையோ சுவீகாரம் எடுக்கும் பழைய வழக்கம் பெரும்பாலும் இதன் கீழ் வருகிறது. ஆதரவற்ற, கைவிடப்பட்ட, ஒப்படைக்கப்பட்ட குழந்தைகளை எல்லாச் சமயத்தவரும் தத்தெடுக்க இளைஞர் நீதிச் சட்டம் 2015 வழி செய்கிறது. இதன் கீழான தத்தெடுப்பை 'காரா' எனப்படும் மத்திய தத்துவள ஆணையம் நெறிப்படுத்துகிறது. 2022ஆம் ஆண்டின் தத்தெடுப்பு ஒழுங்குமுறைகள் இப்போது நடைமுறையில் உள்ளன.

விருப்பமுள்ள பெற்றோர் இணையத்தில் பதிவு செய்து ஆவணங்களை ஏற்றிய பின், சமூகப் பணியாளர் ஒருவர் வீட்டுக்கு வந்து இல்ல ஆய்வு அறிக்கை தயாரிக்கிறார். அது மூன்று ஆண்டுகள் செல்லும். பலர் இந்த ஆய்வைத் தேர்வு என்று எண்ணி வீட்டுக்கு வெள்ளையடித்துக் காத்திருக்கிறார்கள். உண்மையில் அந்தப் பணியாளர் சுவரைவிட அதிகமாகக் கவனிப்பது வேறு சிலவற்றை: கணவன் மனைவி இருவருக்கும் ஒரே அளவு விருப்பம் இருக்கிறதா, குழந்தையில்லாத வருத்தத்தை அவர்கள் பேசிக் கடந்திருக்கிறார்களா, வீட்டிலுள்ள பெரியவர்கள் என்ன சொல்கிறார்கள், வேலைக்குப் போகும் நேரத்தில் குழந்தையை யார் பார்த்துக்கொள்வார்கள். இந்தக் கேள்விகளுக்கு அழகான விடைகளைவிட உண்மையான விடைகளே பின்னாளில் உதவும்.

அதன்பின் வருவது காத்திருப்பு. நலமான கைக்குழந்தை வேண்டுவோர் பல ஆண்டுகள் காத்திருக்க நேர்கிறது. பிறகு திடீரென எல்லாம் விரைகின்றன. குழந்தையின் படமும் மருத்துவ அறிக்கையும் காட்டப்பட்டால் 48 மணி நேரத்துக்குள் அக்குழந்தையை ஒதுக்கிக்கொள்ள வேண்டும். 30 நாட்களுக்குள் நேரில் பார்த்து ஏற்பு முடிய வேண்டும். ஏற்ற பத்து நாட்களுக்குள், தத்தெடுப்புக்கு முந்தைய வளர்ப்புப் பராமரிப்பு என்ற பெயரில் குழந்தை வீட்டுக்கே வந்துவிடலாம். தத்தெடுப்பு ஆணை பின்னர் வரும். முன்பு நீதிமன்றம் பிறப்பித்த இந்த ஆணையை, 2021ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பிறகு மாவட்ட ஆட்சியரே பிறப்பிக்கிறார்.

ஆண்டுக்கணக்கில் ஒன்றும் நடக்காமல் இருந்து, சில வாரங்களில் எல்லாம் நடந்துவிடுவதால், நம்பிக்கையான குழந்தை மருத்துவர் ஒருவரை முன்பே பேசி வைத்திருப்பது நல்லது. மருத்துவ அறிக்கையை வெளி மருத்துவர் ஒருவரிடம் காட்டிக் கருத்துக் கேட்கப் பெற்றோருக்கு உரிமை உண்டு. தலைச் சுற்றளவு, எடை, செவித்திறன், மஞ்சள் காமாலை பி, எச்.ஐ.வி. சோதனைகள் ஆகியவற்றை விளக்கிச் சொல்ல ஒருவர் இருந்தால், பயத்தால் மறுப்பதும் அவசரத்தால் ஏற்பதும் குறையும். அலுவலக விடுப்பையும் முன்பே விசாரித்துக்கொள்ள வேண்டும். மத்திய அரசுப் பெண் ஊழியர், உயிருடன் உள்ள பிள்ளைகள் இருவருக்குக் குறைவாக இருந்து, ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையைத் தத்தெடுத்தால், 180 நாட்கள் விடுப்புப் பெறலாம். தனியார் நிறுவனங்களில் விதிகள் வேறுபடுகின்றன.

வீடு

பாதுகாப்பு ஏற்பாடுகள் எந்தக் குழந்தைக்கும் பொதுவானவை. கீழ்நிலைத் தண்ணீர்த் தொட்டியின் மூடிக்குப் பூட்டு, மொட்டைமாடிக் கதவுக்குத் தாழ்ப்பாள், எட்டாத உயரத்தில் மருந்தும் மண்ணெண்ணெயும், குளியலறையில் நிரப்பி வைக்காத வாளி. தத்துக் குழந்தை தவழும் பருவத்திலோ ஓடும் பருவத்திலோ நேரே வருவதால், இவற்றை மெல்லச் செய்துகொள்ளப் பெற்றோருக்கு அவகாசம் கிடைப்பதில்லை என்பது மட்டுமே வேறுபாடு.

அறையை அலங்கரிப்பதைவிட, குழந்தை இதுவரை இருந்த இடத்தைத் தெரிந்துகொள்வது பயன் தரும். சிறப்புத் தத்து நிறுவனத்திற்குச் செல்லும் நாளில் பெற்றோர் கேட்டுக்கொள்ள வேண்டியவை பல. குழந்தை எந்தப் பால்மாவு குடிக்கிறது, எவ்வளவு நீரில் கரைக்கிறார்கள், புட்டியிலா, பாலாடையிலா, கரண்டியிலா? எத்தனை மணிக்குத் தூங்கும்? விளக்கு எரிய வேண்டுமா? எந்த ஆயா தூக்கினால் அழுகை நிற்கும், அவர் என்ன சொல்லிக் கூப்பிடுவார்? வரிசையாகப் போடப்பட்ட இரும்புக் கட்டில்களில், பத்துக் குழந்தைகளின் சத்தத்துக்கு நடுவே தூங்கிப் பழகிய குழந்தைக்கு, அமைதியான அறையும் தூளியும் அச்சம் தரலாம். தூளியில் போட்டதும் அலறுகிறதே என்று பாட்டி வருந்துவார். குழந்தைக்கு அது கட்டில் இல்லாத இடம், அவ்வளவே. பால்மாவையும் உணவையும் முதல் சில வாரங்கள் மாற்றாமல் வைத்திருந்து, பிறகு மருத்துவர் சொன்னபடி சிறிது சிறிதாக மாற்றுவது வழக்கம்.

குழந்தை போர்த்திக்கொண்டிருந்த துணி ஒன்றை நிறுவனத்தார் தந்தால், அதை உடனே துவைக்கக் கூடாது. புதிய வீட்டில் அந்தக் குழந்தைக்குப் பழக்கமான ஒரே வாசனை அதுதான்.

பிற மாநிலத்துக் குழந்தை தமிழ் வீட்டுக்கு வருவதும் உண்டு. பதிவு நாடு முழுவதற்கும் பொதுவானது. ஒடியாவோ மராத்தியோ கேட்டு வளர்ந்த மூன்று வயதுக் குழந்தையிடம் தண்ணீர், பசி, வலி, சிறுநீர், பயம், தூக்கம் ஆகியவற்றுக்கான சொற்களைப் பெற்றோர் அதன் மொழியில் கற்றுக்கொண்டு பேசினால், முதல் நாட்களின் பாதித் துன்பம் குறையும். பெயரும் அப்படியே. ஆறு மாதக் குழந்தைக்குப் புதுப் பெயர் சூட்டுவதில் பெரிய தொல்லை இல்லை. நான்கு வயதுக் குழந்தைக்கு, அதனிடம் உள்ள ஒரே சொந்தப் பொருள் பெயராக இருக்கலாம். அதை எடுத்துவிடாமல், புதிய பெயரோடு சேர்த்து வைத்துக்கொள்ளும் குடும்பங்கள் உண்டு.

முதல் வாரங்கள்

பிரித்தானிய மனநல மருத்துவர் ஜான் பௌல்பி 1951இல் உலக சுகாதார நிறுவனத்துக்காக எழுதிய அறிக்கையில், இளங்குழந்தைக்கு ஒரே ஆளிடமிருந்து தொடர்ந்து கிடைக்கும் அன்பு உணவைப் போலவே தேவையானது என்று வாதிட்டார். ருமேனியத் தலைநகர் புக்கரெஸ்டில் 2000ஆம் ஆண்டுவாக்கில் தொடங்கிய நீண்டகால ஆய்வு, காப்பகங்களில் இருந்த 136 குழந்தைகளைப் பின்தொடர்ந்தது. அவர்களுள் வளர்ப்புக் குடும்பங்களுக்கு மாற்றப்பட்டோர், குறிப்பாக இரண்டு வயதுக்கு முன்பே மாற்றப்பட்டோர், பற்றுறவில் நல்ல முன்னேற்றம் கண்டனர். வயது கூடிய குழந்தையால் பற்று வைக்க முடியாது என்பது இதன் பொருளன்று. நாள் கூடுதலாகப் பிடிக்கும்.

ஆகவே முதல் சில வாரங்களில் குழந்தைக்குச் சோறூட்டுவது, குளிப்பாட்டுவது, தூங்க வைப்பது ஆகியவற்றைப் பெற்றோர் இருவர் மட்டும் செய்வது நல்லது என ஆலோசகர்கள் கூறுகின்றனர். தமிழ்க் குடும்பத்தில் இது எளிதன்று. ஆரத்தி எடுக்க ஐம்பது பேர் கூடுவார்கள், ஆளுக்கு ஒருமுறை தூக்குவார்கள், சித்தி ஒரு வாய் ஊட்டுவார். அன்பினால் செய்யப்படுவதுதான். ஆனால் இதுவரை மாறி மாறி வந்த கைகளையே கண்ட குழந்தைக்கு, இவர்களும் அப்படி வந்து போகிறவர்களே என்ற எண்ணம் உறுதிப்படும். விழாவை இரண்டு மாதம் தள்ளி வைப்பதாகக் குழந்தை வரும் முன்பே உறவினருக்குச் சொல்லிவிட்டால், வந்தபின் முகம் முறிய நேராது.

யார் கூப்பிட்டாலும் ஓடிப்போய் மடியில் ஏறும் குழந்தையைப் பார்த்து, 'எவ்வளவு நன்றாக ஒட்டிக்கொண்டது' என்று மகிழ்பவர்கள் உண்டு. அது பெரும்பாலும், இன்னும் யாரிடமும் ஒட்டவில்லை என்பதன் அடையாளம். சில மாதங்கள் கழித்து அதே குழந்தை அந்நியரைக் கண்டு அம்மாவின் பின்னால் ஒளிந்தால், அதுவே நல்ல செய்தி.

சற்று வளர்ந்த குழந்தைகள் உணவைப் பதுக்குவதும் பரவலாகக் காணப்படுகிறது. தலையணைக்கடியில் பிஸ்கட், சட்டைப் பையில் இட்லித் துண்டு. இதைத் திருட்டு என்று கண்டித்தால் பதுக்கல் கூடும். குழந்தையின் கைக்கெட்டும் இடத்தில், எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு டப்பா வைத்து, அது காலியாகாமல் பார்த்துக்கொண்டால், நாளடைவில் பழக்கம் தானாகவே குறைகிறது. முதலில் மிக அடக்கமாக இருந்த குழந்தை சில வாரங்களில் பிடிவாதமும் கோபமும் காட்டத் தொடங்குவதும் இப்படிப்பட்டதே. இவர்கள் தன்னைத் திருப்பி அனுப்புவார்களா என்று அது சோதிக்கிறது. தத்தெடுத்த குழந்தையை நிறுவனத்திடம் மீண்டும் ஒப்படைக்கும் நிகழ்வுகள் உண்மையில் நடக்கின்றன. அவற்றில் வளர்ந்த குழந்தைகள் அதிகம். பெற்றோர் தாங்கமுடியாமல் போகும் இந்தக் கட்டத்தை முன்பே அறிந்திருந்தால், அதைத் தோல்வி என்று எண்ண மாட்டார்கள்.

குழந்தை வந்தபின் தாய்க்கோ தந்தைக்கோ சோர்வும் வெறுமையும் ஏற்படலாம். ஆண்டுக்கணக்கில் ஏங்கியது கிடைத்த பிறகும் அன்பு பொங்கவில்லையே என்ற குற்றவுணர்வை வெளியே சொல்லப் பலர் வெட்கப்படுகிறார்கள். குழந்தைக்குப் பெற்றோர் புதியவர்கள் என்றால் பெற்றோருக்கும் குழந்தை புதியதே.

உறவினரும் சொற்களும்

'யார் பெத்த பிள்ளையோ', 'பெத்த பாசம் போல வருமா', 'புண்ணியம் கட்டிக்கிட்டீங்க' போன்ற பேச்சுகள் தீய எண்ணமின்றியே சொல்லப்படுகின்றன. குழந்தையின் காதில் அவை வேறு விதமாக விழுகின்றன. மூன்றாவது சொல்லே மிகவும் தீங்கானது எனலாம். அது மகனையோ மகளையோ தானம் பெற்றவராக ஆக்கிவிடுகிறது. நன்றி காட்டுவதை வாழ்நாள் கடமையாக்குகிறது. தாத்தா பாட்டியிடம் காத்திருப்புக் காலத்திலேயே இவற்றைப் பேசிவிடுவது நல்லது. வீட்டில் ஏற்கெனவே பிள்ளை இருந்தால், 'உனக்கு விளையாட ஆள் வருகிறது' என்று ஆசை காட்டாமல், வருவது அழும், பொம்மையைப் பிடுங்கும், அம்மாவின் நேரத்தை எடுத்துக்கொள்ளும் என்பதையும் சொல்ல வேண்டும்.

உண்மையைச் சொல்லுதல்

தத்தெடுப்பைக் குழந்தையிடமிருந்து மறைப்பது முன்பு வழக்கமாக இருந்தது. ஊரையே மாற்றிக்கொண்ட குடும்பங்களும் உண்டு. திருமணப் பேச்சிலோ சொத்துத் தகராறிலோ உறவினர் ஒருவரின் வாயிலிருந்து அது வெளிவந்து, இருபது ஆண்டு உறவு ஒரே நாளில் ஐயத்துக்கு உள்ளாவதுண்டு. குழந்தைக்குப் பேச்சு வருமுன்பே அச்சொல்லை வீட்டில் இயல்பாகப் புழங்க விடுவதே இப்போது தரப்படும் அறிவுரை. நான்கு வயதில் கேட்கும் கேள்விக்கு நான்கு வயதுக்குரிய விடை போதும். பெற்ற தாயைப் பழித்தோ, தெரியாத செய்தியைக் கற்பனையாகச் சேர்த்தோ சொல்லக் கூடாது.

இதற்காகச் சிலர் நினைவேடு ஒன்றைத் தயாரிக்கிறார்கள். முதன்முதலில் பார்த்த நாள், நிறுவனத்தின் படம், அங்கே வளர்த்த ஆயாவின் படம், குழந்தை அணிந்து வந்த சட்டை ஆகியவை அதில் இடம்பெறுகின்றன. தமிழ்நாட்டில் 1992இல் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தின் வழியாக வந்தவர்களுக்கு, பெற்றவர் யார் என்ற விவரமே பெரும்பாலும் இருப்பதில்லை. அவர்களுக்கு அந்தச் சட்டையும் படமும்தான் தொடக்கம். 18 வயது நிரம்பியவர் தம் மூலத்தைத் தேட முறைப்படி விண்ணப்பிக்கலாம். அதற்கு முன்னர் பெற்றோருடன் இணைந்து விண்ணப்பிக்க ஒழுங்குமுறைகள் இடமளிக்கின்றன.

குழந்தை வந்த பின்னும் இரண்டு ஆண்டுகளுக்கு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து அறிக்கை எழுதுவார். தூக்கம், உணவு, கோபம் பற்றிய இடர்களை அவரிடம் மறைக்காமல் சொல்லும் பெற்றோருக்கு ஆலோசனை விரைவில் கிடைக்கிறது. ஆணை வந்ததும் அதைக் கொண்டு, பெற்றோர் பெயருடன் கூடிய பிறப்புச் சான்றிதழைப் பதிவாளரிடம் பெற்றுக்கொள்ளலாம். பள்ளிச் சேர்க்கைக்கும் கடவுச்சீட்டுக்கும் அதுவே போதுமானது.