சில்லேறிய கருவிப் பெட்டகம்

காரியாலயங்களிற் கழிக்கப்படும் இரும்புக் கோப்பு அலுமாரிகள் இரண்டு கிடைப்பின், மரவேலைக் கூடத்துக்கு உருண்டு செல்லும் கருவிப் பெட்டகமொன்றை ஆக்கிக்கொள்ளலாம். இரண்டு இலாச்சிகளையுடைய தாழ்ந்த அலுமாரியே ஏற்றது. அதன் மேற்பரப்பிற் பலகையிட்டால் வேலைமேசையுமாகும்.

பலரும் அவற்றைப் பக்கத்தோடு பக்கமாகப் பிணைப்பர். அது போதாது. சுமையேறிய இலாச்சிகளை ஒருங்கே இழுக்குங்கால் பாரமையம் அடித்தளத்தின் முன்விளிம்பைக் கடக்க, பெட்டகம் இழுத்தவர் மீதே கவிழும். இழுப்பவர் சிறு மாணவராயின் விளைவு கூறவேண்டா. முதுகோடு முதுகாகப் புரியாணியிட்டு இறுக்கினாலோ, ஒன்றன் பாரம் மற்றதன் சாய்வைத் தடுத்து நிற்கும். இருபுறத்தும் இருவர் நின்று கருவி எடுக்கவும் இயலும். எனினும் பாரமானவை கீழிலாச்சியிலேயே இருத்தல் வேண்டும்.

அடித்தகடு மெல்லியது, ஆதலிற் சில்லுகளைக் கோண இரும்புச் சட்டத்திற் பூட்டுக. இரண்டு நேர்ச்சில்லு, இரண்டு தடையுடைய திரும்பு சில்லு. மேடுபள்ளமான தரையில் ஒரு சில்லு அந்தரத்தில் நிற்குமாதலால், மொத்தப் பாரத்தை நான்காலன்றி மூன்றாற் பிரித்தல் முறை: 240 கிலோவாயின் சில்லொன்று 80 கிலோ தாங்கவேண்டும்.

பழைய வர்ணத்தில் ஈயம் இருத்தல் கூடும். அதனை நனைத்தே தேய்க்க, மாணவரிடம் விடற்க. புதிய வர்ணம் எதுவாயினுமாகுக. பச்சைக்காக வழக்காடுவோரும் உளர்!

இலாச்சி முகப்பிற் பெயரட்டை செருகும் சட்டம் முன்னரே உண்டு. உளி, அரம், துறப்பணம், சீவுளி எனத் தமிழிலேயே எழுதிச் செருகுக.